நீச்சல் குளமும் மூன்று பத்திக் கணக்கும்

பட்டினப்பாக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு நீச்சல் குளம் என்னத்திற்கு என்று யாரேனும் கேட்டால், கேள்வியில் நியாயம் இருப்பதாகவே முதலில் தோன்றும். வாசற்படியை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் வங்காள விரிகுடாவே எதிரே விரிந்து கிடக்கிறது. குழாய் வேண்டாம், குளோரின் வேண்டாம், கான்ட்ராக்டரும் வேண்டாம். ஆனால் அந்தக் கடலில் இறங்கி நீந்துவது விளையாட்டல்ல. அடையாறு கடலோடு கலக்கும் முகத்துவாரம் பக்கத்திலேயே இருக்கிறது. மணலை அரித்துக்கொண்டு போகும் அலையும், கரையில் நிற்பவரை உள்ளே இழுக்கும் நீரோட்டமும் அங்கே உண்டு. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை சீனிவாசபுரத்துக் குடிசைகளுக்குள் புகுந்ததை அந்தப் பக்கத்தார் மறக்கமாட்டார்கள். அந்தக் கடலோரத்தில் காற்று வாங்கலாம், பட்டம் விடலாம், குழந்தைகளை நீந்த விட முடியாது.

ஆகவே, கையில் கொஞ்சம் பணமும் கொல்லையில் கொஞ்சம் இடமும் உள்ள கிருகஸ்தருக்கு, வீட்டிலேயே ஒரு நீச்சல் குளம் கட்டிக்கொண்டால் என்ன என்ற ஆசை உதிப்பது இயல்பு. ஆசையில் தவறில்லை. நீச்சலைப் போன்ற தேகப் பயிற்சி வேறில்லை. ஆபத்துக் காலத்தில் உயிரைக் காக்கும் வித்தையும் அதுவே. ஆனால் இந்த ஆசைக்கு விலை என்னவென்று அறிய விரும்புகிறவர்கள் பெரும்பாலும் கான்ட்ராக்டரைக் கேட்கிறார்கள். அவரும் ஒரு தொகை சொல்லுகிறார். அது குழியின் விலை. குளத்தின் விலை வேறு.

வீட்டுச் செலவுக் கணக்கு எழுதும் பெண்மணிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். பசு மாடு வாங்கும் விலையைக் காட்டிலும் அதற்குத் தீனி போடும் செலவே பெரிது. குளமும் அப்படித்தான். அதற்குக் கணக்கு எழுத மூன்று பத்திகள் வேண்டும். முதற் பத்தியில் ஒரே தடவை செய்யும் செலவு. இரண்டாவதில் மாதந்தோறும் செய்யும் செலவு. மூன்றாவதில், நாம் கொடுக்காமல் தெருவிலுள்ள மற்றவர்கள் கொடுக்கும் செலவு. இந்த மூன்றாவது பத்தியைத்தான் அநேகர் எழுதுவதில்லை.

சாமான்களின் விலை வருஷத்துக்கு வருஷம் மாறும், அளவுகள் மாறா. எனவே இங்கே அளவுகளையே சொல்லுகிறோம். அன்றைய விலையால் பெருக்கிக்கொள்வது வாசகர் வேலை.

முதற் பத்தி: குழியும் கட்டடமும்

ஒரு சிறு குடும்பத்துக்கு எட்டு மீட்டர் நீளமும் நான்கு மீட்டர் அகலமும் உள்ள குளம் போதும் என்று வைத்துக்கொள்வோம். அடிக் கணக்கில் 26-க்கு 13. சுவர் ஒன்றரை மீட்டர். அதில் தண்ணீர் நிற்கும் ஆழம் 1.4 மீட்டர். தரையும் சுவரும் 20 சென்டிமீட்டர் கனம்.

இதற்காக வெட்ட வேண்டிய மண், ஆட்கள் உள்ளே நின்று வேலை செய்யும் இடத்தையும் சேர்த்தால், சுமார் 90 கன மீட்டர். மண் வியாபாரத்தில் வழங்கும் பாஷையில் சொன்னால் 32 யூனிட். இரண்டு யூனிட் ஏற்றும் லாரிக்கு 16 நடை. தெரு குறுகலாக இருந்து லாரி உள்ளே வராவிட்டால், கூடையில் சுமந்து தெருக்கோடிக்குக் கொண்டுபோகும் கூலி வேறு. கான்கிரீட் சுமார் 15 கன மீட்டர். அதற்குள் வைக்கும் கம்பி ஒன்றேகால் டன்னுக்குக் குறையாது. உட்புறம் ஓடு பதிக்க 730 சதுர அடி. பிறகு நீர் கசியாமலிருக்கப் பூசும் பூச்சு, குழாய்கள், மோட்டார், மணல் வடிகட்டி, விளக்கு.

கடலோரத்தில் இன்னொரு விஷயத்தையும் கவனிக்கவேண்டும். உப்புக் காற்றும் உப்பு நீரும் கம்பிக்குச் சத்துரு. கம்பி துருப்பிடித்தால் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும். ஆகையால் கம்பியின்மேல் கான்கிரீட் போர்வை கனமாக இருக்கவேண்டும். நீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டில் எரிவதாக இருக்கவேண்டும். மின்சாரம் கசிந்தால் கண் இமைக்கும் நேரத்தில் அதை நிறுத்திவிடும் கருவியும் அவசியம். குளத்தைச் சுற்றி நாலடி வேலியும், தானே மூடிக்கொள்ளும் கதவும் வேண்டும். குழந்தைகள் உள்ள வீட்டில் இந்த வேலியை 'பிறகு பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒத்திப்போடக் கூடாது. நீந்தத் தெரியாத சிறு குழந்தை தண்ணீரில் விழுந்தால் கூச்சல் போடுவதில்லை, சத்தமின்றி மூழ்கிவிடுகிறது.

இவ்வளவுக்கும் முன்னால், கட்டலாமா என்று அனுமதி கேட்கவேண்டும். கடலோரத்துக்கென்று 1991-ஆம் ஆண்டில் மத்திய சர்க்கார் தனி விதிகள் வகுத்தார்கள். 2011-லும் 2019-லும் அவை புதுப்பிக்கப்பட்டன. கடல் ஏறும் உயர்ந்த கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையிலுள்ள நிலம் அந்த விதிகளுக்கு உட்பட்டது. பட்டினப்பாக்கத்தில் எத்தனையோ மனைகள் இந்த எல்லைக்குள் வந்துவிடும். ஆகவே வரைபடத்துக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே நம் மனை எங்கே விழுகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

மிதக்கும் குளம்

கட்டடத் தொட்டி ஓடத்தைப்போல் மிதக்கும் என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். அது உண்மைதான். பட்டினப்பாக்கம் மணற்பாங்கான பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையில் அங்கே ஊற்று வெகு மேலே வந்துவிடுகிறது. நீர் நிறைந்த மணலுக்குள் காலித் தொட்டியை வைப்பது, வாளியைக் கவிழ்க்காமல் அண்டாத் தண்ணீரில் அமிழ்த்துவதற்கு ஒப்பாகும். கையை எடுத்ததும் வாளி மேலே வரும்.

மேலே சொன்ன குளத்தின் கான்கிரீட் எடை சுமார் 37 டன். அதன் வெளிப்புறப் பரப்பு சுமார் 37 சதுர மீட்டர். குளத்தின் அடிமட்டத்துக்கு மேல் ஊற்று ஒரு மீட்டர் ஏறினால், அதை மேலே தள்ளும் பலமும் 37 டன். இரண்டும் சரி. அதற்கு மேல் ஊற்று ஓர் அங்குலம் ஏறினாலும், காலியாக இருக்கும் குளத்துக்கு ஆபத்துதான். தரை வெடிக்கும்; குழாய் முறியும்; ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும்.

சிக்கனம் என்று நினைத்துத் தரையின் கனத்தைக் குறைக்கச் சொல்லுகிறவர், தம்முடைய குளத்தை ஓடமாக்கும்படி சொல்லுகிறார் என்று அர்த்தம். தரையில் ஊற்றழுத்தம் தணிக்கும் வால்வு வைக்கவேண்டும். மழைக்காலத்தில் குளத்தை ஒருபோதும் காலி செய்யக் கூடாது. இவ்விரண்டும் இந்தப் பேட்டைக்குரிய கட்டளைகள். வெட்டும்போதும் ஜாக்கிரதை வேண்டும். ஊற்று நீரை இரவும் பகலும் மோட்டார் வைத்து இறைத்தால், நீரோடு மணலும் வந்துவிடும். அடுத்த வீட்டுச் சுவரில் விரிசல் காணும். அந்தச் சுவரைச் செப்பனிடும் செலவு எந்தப் பத்தியைச் சேர்ந்தது என்று வாசகரே யோசித்துக்கொள்ளலாம்.

நம் நாட்டார் இந்த வித்தையில் நேற்றுப் பிறந்தவர்கள் அல்லர். சிந்து நதிப் பிரதேசத்து மொகஞ்சதாரோவில் சுமார் நாலாயிரத்தைந்நூறு ஆண்டுகளுக்கு முன் கட்டிய பெருங்குளம், ஏறக்குறைய 12 மீட்டர் நீளமும் 7 மீட்டர் அகலமும் 2.4 மீட்டர் ஆழமும் உள்ளது. செங்கல்லை நெருக்கமாக அடுக்கி, ஜிப்சம் சேர்ந்த சாந்து வைத்து, கசிவு தடுக்க நிலக்கீலும் பூசியிருக்கிறார்கள். பழைய நீரை வெளியேற்றக் கால்வாயும், பக்கத்தில் கிணறும் இருந்தன. நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும் என்ற இரண்டுக்கும் அவர்கள் விடை வைத்திருந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

இரண்டாம் பத்தி: தீனிச் செலவு

குளம் நிறைய 45,000 லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரிக்கு நாலு நடை. ஒரு தடவை நிரப்பிவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. சென்னை வெயிலில் திறந்த நீர், நாளொன்றுக்குச் சராசரி ஐந்து மில்லிமீட்டர் ஆவியாகிப் போகிறது. நமது குளத்துக்கு அது தினம் 160 லிட்டர். வருஷத்துக்கு 58,000 லிட்டர். அதாவது, ஓர் ஆண்டில் குளம் தன்னைத்தானே முழுவதும் குடித்துவிட்டு, மேலும் கொஞ்சம் கேட்கிறது! வடிகட்டியின் மணலைக் கழுவ வாரம் 500 லிட்டர் என்றாலும், வருஷத்துக்கு 26,000 லிட்டர் சேரும்.

வானம் ஈடு செய்யாதா என்றால், பாதிதான் செய்யும். சென்னையில் ஆண்டுச் சராசரி மழை சுமார் 140 சென்டிமீட்டர். நம் குளத்து நீரின் ஆழமும் 140 சென்டிமீட்டர்தான். ஆனால் அந்த மழையில் பெரும் பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழிக்குள் கொட்டி, நிரம்பி வழிந்து போய்விடுகிறது. சித்திரையில் தண்ணீர் தேவைப்படும்போது வானம் கையை விரித்துவிடுகிறது. உபயோகியாத வேளைகளில் குளத்தின்மேல் விரிப்பு ஒன்று போட்டு மூடினால் ஆவியாவதில் பெரும் பங்கு மிச்சமாகும். முதற் பத்தியில் செய்யும் செலவுகளில் இதைக் காட்டிலும் லாபகரமானது வேறில்லை.

அடுத்தது மின்சாரம். 45,000 லிட்டரும் ஆறு மணி நேரத்தில் ஒரு தடவை வடிகட்டியின் வழியே சென்று திரும்பவேண்டுமானால், மணிக்கு 7,500 லிட்டர் ஓடவேண்டும். ஒரு குதிரைத் திறன் மோட்டார் தினம் ஆறு மணி நேரம் ஓடினால் நாலரை யூனிட். நம் மாகாணத்தில் மின்சாரக் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 270 யூனிட் கூடும். யூனிட் ஏற ஏற, ஒவ்வொரு யூனிட்டின் விலையும் ஏறுகிறது என்பதை மறக்கக் கூடாது. வீட்டிலுள்ள மின்விசிறியும் குளிர்ப்பெட்டியும் எரிக்கும் மின்சாரத்தின்மேல் வந்து உட்காருவதால், குளத்தின் 270 யூனிட்டும் மேல் படியின் விலைக்கே கணக்காகும்.

மூன்றாவது மருந்து. தண்ணீரில் பத்து லக்ஷத்துக்கு இரண்டு பங்கு குளோரின் நிற்கவேண்டுமென்றால், 45,000 லிட்டருக்கு 90 கிராம் குளோரின். நல்ல பிளீச்சிங் பவுடரில் மூன்றில் ஒரு பங்குதான் குளோரின்; ஆகையால் 270 கிராம் போடவேண்டும். வெயில் அதைச் சில மணி நேரத்தில் அழித்துவிடுவதால், திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கும். இதோடு நீரின் காரத்தன்மையையும் பார்த்துச் சரிப்படுத்தவேண்டும். பத்து நாள் ஊருக்குப் போய்விட்டுத் திரும்பினால், குளம் பச்சைப் பசேலென்று பாசி படர்ந்திருக்கும். அந்தப் பத்து நாள் கொசுப் புழுக்கள் முட்டையிலிருந்து வெளிவந்து இறக்கை முளைத்துப் பறக்கவும் போதும். சென்னையின் மலேரியாக் கொசு சாக்கடையைத் தேடுவதில்லை. கிணறு, மாடித் தொட்டி முதலிய தெளிந்த நீரையே விரும்புகிறது. கவனிப்பாரில்லாத நீச்சல் குளம் அதற்கு மாமியார் வீடு.

இந்தச் செலவுகளை எல்லாம் சேர்த்து ஒரு கணக்குப் போடலாம். கட்டிய செலவைப் பத்தால் வகுத்து, அதனோடு ஒரு வருஷத்துப் பராமரிப்பைக் கூட்டுங்கள். குடும்பத்தில் நால்வர்; கோடை விடுமுறையும் ஞாயிற்றுக்கிழமைகளும் சேர்ந்து வருஷத்தில் நூறு நாள் நீந்துவதாக வைத்துக்கொண்டால், 400 முழுக்கு. முன் சொன்ன தொகையை 400-ஆல் வகுத்தால் ஒரு முழுக்கின் விலை வந்துவிடும். மெரினாவில் மாநகராட்சி நீச்சல் குளம் இருக்கிறது. வேளச்சேரியில் 1995-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டிய பெரிய நீச்சல் குளம் இருக்கிறது. அங்கே கேட்கும் கட்டணத்தை விசாரித்து, இரண்டு தொகைகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள்.

மூன்றாம் பத்தி: தெருவின் பங்கு

"எங்கள் பணம், எங்கள் கிணறு, இதில் ஊராருக்கு என்ன?" என்று சிலர் கேட்கலாம். கிணறு நம்முடையதுதான், ஊற்று நம்முடையதல்ல. கடலோர மணலுக்கு அடியில் கிடக்கும் நல்ல தண்ணீர், கனமான உப்புத் தண்ணீரின்மேல் பாலேட்டைப்போல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் நல்ல நீர் ஓரடி நின்றால், அதற்குக் கீழே ஏறக்குறைய நாற்பதடி வரை நல்ல நீர் நிற்கும். டச்சுக்காரர் ஒருவரும் ஜெர்மானியர் ஒருவரும் தனித்தனியே கண்டறிந்த விதி இது. மேலே ஓரடி இறைத்துவிட்டால், கீழே உப்பு நாற்பதடி ஏறப் பார்க்கும். ஒரு முறை உப்பேறிய ஊற்று மீண்டும் இனிக்க எத்தனையோ மழைக்காலம் காத்திருக்கவேண்டும். உப்பு வரும்போது நம் வீட்டுக் கிணறு, அடுத்த வீட்டுக் கிணறு என்று பார்த்து வராது.

இதனால்தான் சென்னை நிலத்தடி நீரைக் காக்க 1987-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றி, புதிதாகக் கிணறு தோண்டவும் நிலத்தடி நீரை லாரியில் ஏற்றிப் போகவும் அனுமதி பெறவேண்டும் என்று வைத்தார்கள். 2003-ல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர்ச் சேகரிப்புக் கட்டாயமாயிற்று. அப்படியிருந்தும் 2019-ஆம் ஆண்டுக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் வறண்டன. அவ்வாண்டு ஜூலை 12-ந் தேதி, ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லக்ஷம் லிட்டர் காவேரி நீரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கத்துக்கு வந்தது. ஒரு ரயில் நீர் முழுவதும் நம்முடைய குளம் போன்ற 55 குளங்களுக்குத்தான் போதும் என்பதைக் கணக்கிட்டால் மனம் சற்றுத் திடுக்கிடுகிறது.

இன்னொரு விதமாகவும் கணக்கிடலாம். நகரவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்று நம் சர்க்கார் அளவு வைத்திருக்கிறார்கள். அதன்படி 45,000 லிட்டர், நால்வருள்ள குடும்பத்துக்கு 83 நாள் தண்ணீர். பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர் பிடித்தால், 3,000 குடம். லாரி வரும் நாளில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுக் காத்திருக்கும் பெண்கள் பட்டினப்பாக்கத்துக்குப் புதியவர்கள் அல்லர். நாலு லாரி நமது கேட்டுக்குள் நுழைவதை அவர்கள் தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தண்ணீர்ப் பஞ்சம் முற்றினால் முதலில் கைவைக்கப்படுவது நீச்சல் குளமே. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் நகரம் 2018-ல் வறட்சியில் தத்தளித்தபோது, குழாய் நீரை நீச்சல் குளத்தில் விடக் கூடாதென்று தடுத்தார்கள். 2024 மார்ச் மாதத்தில் பெங்களூரிலும் அவ்விதமே உத்தரவு பிறந்தது. மீறினால் 5,000 ரூபாய் அபராதம். ஏராளமாகச் செலவழித்துக் கட்டிய குளம், மிகவும் வேண்டிய கோடையில் வெறுங்குழியாகக் கிடக்கும்படி நேரலாம். வெறுங்குழிக்கு மழைக்காலத்தில் என்ன ஆபத்து என்பதை முன்பே சொல்லிவிட்டோம்.

அப்படியானால் கட்டவே கூடாதா?

அப்படிச் சொல்லவில்லை. மூன்றாம் பத்தியிலும் வரவு எழுத வழி இருக்கிறது. நூறு சதுர மீட்டர் மொட்டை மாடியில் ஆண்டு முழுவதும் விழும் மழை 1,40,000 லிட்டர். நூற்றுக்கு 80 பங்கு பிடித்தாலும் 1,12,000 லிட்டர். அதை வடிகட்டிக் கிணற்றுக்குள் இறக்கினால், குளம் வருஷத்தில் கேட்கும் தண்ணீரைக் காட்டிலும் அதிகமாகவே ஊற்றுக்குக் கொடுத்தவர்களாவோம். முதலில் மாடி நீரை நிலத்துக்குள் விடுங்கள். இரண்டு மழைக்காலம் கிணற்று மட்டத்தை அளந்து எழுதிவையுங்கள். பிறகு குளத்தைப்பற்றிப் பேசலாம். சம்பாதித்த பிறகு செலவழிப்பது என்ற குடும்பத் தர்மம் தண்ணீருக்கும் பொருந்தும். குளத்து நீரை மாற்ற நேர்ந்தால், குளோரின் போடுவதை நிறுத்திச் சில நாள் வெயிலில் விட்டு, பிறகு தோட்டத்துக்குப் பாய்ச்சலாம். மழைநீர்க் கால்வாயில் திறந்துவிட வேண்டியதில்லை.

வேறொரு யோசனையும் உண்டு. நம் முன்னோரில் பணம் படைத்தவர்கள் குளம் வெட்டினார்கள், ஊருக்கென்று வெட்டினார்கள். மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயில் தெப்பக்குளத்துக்கு ஆர்க்காட்டு நவாப் நிலம் கொடுத்தார் என்பதும், முகரம் காலத்தில் முஸ்லிம்கள் அங்கே வந்து கூடுவதும் அந்தப் பக்கத்தார் அறிந்தவை. அந்தக் குளத்துக்குள் இறங்கும் மழை, சுற்றுத் தெருக் கிணறுகளுக்கெல்லாம் போய்ச் சேருகிறது. அதற்குக் கட்டணம் இல்லை. இக்காலத்தில் இருபது வீட்டார் சேர்ந்து ஒரு குளம் கட்டினால் அல்லது அடுக்கு மாடிக் கட்டடத்தில் பொதுவாக ஒன்று வைத்துக்கொண்டால், ஆவியாகும் தண்ணீரும் ஓடும் மோட்டாரும் இருபதாகப் பெருகா, ஒன்றாகவே நிற்கும். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க ஒரு வாத்தியாரையும் அமர்த்திக்கொள்ளலாம். தனிக் குளத்தில் குழந்தை தண்ணீரில் அளையும். பத்துக் குழந்தைகள் சேர்ந்த குளத்தில்தான் நீந்தக் கற்றுக்கொள்ளும்.

எல்லாவற்றையும் யோசித்த பிறகும் சொந்தக் குளமே வேண்டும் என்ற திடசங்கல்பம் உள்ளவர்களுக்குக் கடைசியாக ஒரு வார்த்தை. கார்த்திகை மாதத்தில் கொல்லையில் ஆறடிக்கு ஒரு சோதனைக் குழி வெட்டி, ஊற்று எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். கான்கிரீட்டின் கனத்தை அந்தக் குழி சொல்லும். சித்திரை மாதத்தில் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்து, ஒரு வாய் நீரை எடுத்து நாக்கில் வைத்துப் பாருங்கள். குளம் கட்டலாமா, கூடாதா என்பதை அந்த நீர் சொல்லிவிடும். இவ்விரண்டு மாதமும் கழியும் வரையில் கான்ட்ராக்டருக்கு அட்வான்ஸ் கொடுக்கவேண்டாம்.